அஞ்சும் நாயும் அயலிட வாசமும்

விடுமுறைக் காலம் நெருங்கிவிட்டால், வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கவலைகள் பல. பயணச் சீட்டுக்கு முன்பதிவு செய்தல், வீட்டுச் சாவியை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்தல், பாலும் செய்தித்தாளும் நிறுத்தச் சொல்லுதல் ஆகிய இவற்றோடு இந்நாளில் மற்றொன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டில் வளரும் நாயை என் செய்வது? முன்னாளில் இவ்வினா எழவே இல்லை. கூட்டுக் குடும்பத்தில் எவரேனும் ஒருவர் வீட்டில் இருப்பர். இல்லையேல் அண்டை வீட்டார் திண்ணையோரம் ஒரு கவளம் சோறு வைப்பர். இன்றோ கதவைப் பூட்டிக்கொண்டு அனைவரும் புறப்படும் குடும்பங்களே மிகுதி.

நாயை உடன் அழைத்துச் செல்லலாமே எனில், அதுவும் எளிதன்று. இரயில்வே விதிகளின்படி, குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அல்லது நால்வர் தங்கும் தனி அறை முழுவதையும் தமக்கெனப் பதிவு செய்துகொண்டோர் மட்டுமே நாயைத் தம்மருகில் வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் சாதாரணப் படுக்கைப் பெட்டிகளிலும் அதற்கு இடமில்லை. மற்றையோர் தம் நாயைச் சரக்குப் பெட்டியிலுள்ள கூண்டில் அடைத்தே அனுப்ப வேண்டும். இக்காரணங்களால் நகரங்களில் ‘போர்டிங்’ என வழங்கும் நாய் விடுதிகள் பெருகியுள்ளன. நாள் கணக்கில் கட்டணம் செலுத்தி நாயை அங்கே விட்டுச் செல்கிறோம். துணிவும் கலகலப்பும் உள்ள நாய்க்கு அது பெருந்துன்பம் ஆவதில்லை. இயல்பிலேயே அஞ்சும் நாய்க்கு அந்த முதல் வாசம் எத்தகையது என்பதையும், அதனை எளிதாக்கும் வழிகளையும் இவ்வுரையில் காண்போம்.

எங்கள் குடும்பத்தில் நேர்ந்ததையே முதலில் கூறுகிறோம். எங்கள் சொந்த ஊர் எருத்தேன்பதி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரமாக, தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி அது. சித்தூர் வட்டாரம் 1949 வரை கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சியில் இணைந்து, 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தின் பகுதியாயிற்று. ஆட்சிகள் மாறினும் அடுக்களைப் பேச்சு மாறவில்லை. வீட்டிலும் வயலிலும் தமிழ். அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் மலையாளம். கணவாய்க் காற்று ஓயாது வீசும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ள எங்கள் வீட்டில், வயது முதிர்ந்த அன்னையார் தனியே வசித்து வந்தார்கள். அவர்களுக்குத் துணை மணி என்னும் நாட்டு நாய் ஒன்றுதான். நாங்களோ தில்லியில் இருந்தோம்.

மணி பிறவியிலேயே கூச்சமுள்ளது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். புதியவர் வந்தால் குரைத்துக்கொண்டே பின்வாங்கும். அன்னையாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தபோது, கோவையில் உறவினரின் மாடிக் குடியிருப்பில் ஒரு வாரம் தங்க வேண்டியிருந்தது. நாய்க்கு அங்கே இடமில்லை. அவசர விடுப்பில் வந்த நாங்கள், பாலக்காட்டுப் பக்கத்து விடுதி ஒன்றில் முன்னேற்பாடு ஏதுமின்றி மணியை விட்டுவிட்டுக் கோவைக்குச் சென்றோம். மறுநாள் முதல் கேட்ட செய்திகள் யாவும் வருத்தமே தந்தன. இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. கம்பி வலையில் உரசி உரசி மூக்கின் தோல் வழன்றுவிட்டது. மூன்றாம் நாள் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓட முயன்று, வாயிலருகே பிடிபட்டது. கண்ணில் கட்டுடன் படுத்திருந்த அன்னையார் காலையில் கேட்கும் முதற்கேள்வி, “மணி சோறு தின்னானாப்பா?” என்பதே. பொய் சொல்லவும் இயலாமல், உண்மை சொல்லவும் மனமில்லாமல் நாங்கள் தவித்தோம். விடுதியார் கடமையில் தவறினார் என்று கூறுவதற்கில்லை. தவறு எங்களுடையது.

நாங்கள் செய்த தவறு யாது? இதனை அறிய வேண்டுமெனில், முன்பின் அறியாத விடுதிக்குள் நுழையும் நாய்க்கு என்ன நேர்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

நாய் உலகை முதன்மையாக மூக்கினால் அறிகிறது. நமக்குச் சுத்தமாகக் கழுவி விடப்பட்ட தரையாகத் தோன்றும் இடம், அதற்கு நேற்றும் முன்தினமும் அங்கிருந்த பல நாய்களின் அச்சமும் ஆர்வமும் எழுதி வைத்த ஏடு போன்றது. கிருமிநாசினியின் நெடி வேறு. அங்கே இல்லாத மணம் ஒன்றே ஒன்று. அது வீட்டாரின் மணம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி பெர்ன்ஸ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 12 நாய்களை மூளைப்படக் கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கப் பழக்கி, பலவகை மணங்களை முகரச் செய்தனர். அந்நாயின் மணம், பழகிய நாயின் மணம், பழகாத நாயின் மணம், பழகிய மனிதரின் மணம், பழகாத மனிதரின் மணம் என ஐந்து வகை. இன்பத்தை எதிர்நோக்கும்போது தூண்டப்பெறும் மூளைப் பகுதி, பழகிய மனிதரின் மணத்துக்கே மிகுதியாகக் கிளர்ந்தது. இவ்வாய்வு 2015-இல் வெளிவந்தது. நாம் அருகில் இல்லாதபோதும் நம் மணம் நாய்க்கு நற்செய்தியாக விளங்குகிறது என்பது இதனால் புலனாகும்.

அடுத்தது செவி. மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதி ஒலிகளும் நாய்க்குக் கேட்கும். ஒரு நாய் குரைத்தால் பத்து நாய்கள் குரைக்கும் தகரக் கூரைக் கொட்டகையின் ஓசை, அஞ்சும் நாயை இரவு முழுதும் உறங்கவிடாது. பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆய்வாளர் டெபோரா வெல்ஸும் குழுவினரும் நாய்க் காப்பகம் ஒன்றில் பலவகை ஒலிகளைக் கேட்கச் செய்து 2002-இல் தம் முடிவை வெளியிட்டனர். மேலைச் செவ்வியல் இசை ஒலித்தபோது நாய்கள் அதிகமாகப் படுத்து ஓய்ந்திருந்தன. முழக்கமிடும் ‘ஹெவி மெட்டல்’ இசைக்கு அதிகமாகக் குரைத்தன. மனிதர் பேச்சின் ஒலிப்பதிவால் குறிப்பிடத்தக்க மாறுதல் ஏதும் காணப்படவில்லை. வானொலியில் உரையாற்றும் நம்மைப் போன்றோர்க்கு இது சற்றே அடக்கத்தைக் கற்பிக்கும் முடிவு!

மூன்றாவது, எதிர்பார்ப்பு. உருசிய அறிஞர் பாவ்லோவ் செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்றவர். உணவு வருமுன்பே, உணவைக் கொணர்வோரின் காலடி ஓசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் சுரந்ததை அவருடைய ஆய்வகத்தில் கண்டனர். ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று வரும் என்பதை நாய் விரைவில் கற்றுவிடுகிறது என்பது அதன் பொருள். நம் வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. பரணிலிருந்து பெட்டி இறங்குவதைக் கண்டவுடன் நாய் வாலைத் தாழ்த்திக்கொண்டு மூலையில் படுப்பதைப் பலரும் கண்டிருப்பர். பெட்டி இறங்கினால் பிரிவு வரும் என்பதை அது கற்றிருக்கிறது. பிரிந்தவர் திரும்புவர் என்பதையும் வீட்டில் கற்றிருக்கிறது. ஆனால் புதிய இடத்தில் விடப்பட்டு, அங்கிருந்து மீட்டு அழைத்துச் செல்லப்படுவதை அது ஒருமுறையும் கண்டதில்லை. முதல் வாசத்தின் கொடுமை இதில்தான் அடங்கியுள்ளது. அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் நாய்களின் குருதியைச் சோதித்து 1997-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, மன உளைச்சலின்போது மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு, முதல் மூன்று நாட்களில் இருந்த நாய்களிடம் உயர்ந்தும், ஒன்பது நாட்களுக்கு மேல் தங்கிய நாய்களிடம் தாழ்ந்தும் காணப்பட்டது. ஆகவே முதற் சில நாட்களே கடினமானவை. அந்த நாட்களைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நாம் ஊரில் இருக்கும்போதே கழித்துவிட வேண்டும். இவ்வுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே: உண்மையான பயணத்தின்போது நேரும் வாசம், நாய்க்கு முதல் வாசமாக இருத்தலாகாது.

இனி, செயல்முறைக்கு வருவோம். புறப்படும் நாளுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்குதல் நலம்.

முதற்கண் விடுதியைத் தேர்தல். விளம்பரத்தை நம்பாமல், நாயின்றி நாமே நேரில் சென்று உள்ளிடம் அனைத்தையும் காணக் கேட்க வேண்டும். காட்ட மறுக்கும் விடுதியை விட்டு அகலலாம். தரை வழுக்குகிறதா, கழிவுநீர் தேங்குகிறதா, வெயிலுக்கு நிழலும் மழைக்கு மறைவும் உண்டா, வெளி வாயிலுக்கும் கொட்டடிக்கும் இடையே இரண்டாவது கதவு உண்டா என்று பார்த்தல் வேண்டும். இரவில் ஆள் தங்குகிறாரா, ஒருவர் எத்தனை நாய்களைப் பார்த்துக்கொள்கிறார் எனக் கேட்க வேண்டும். அஞ்சும் நாய்க்கு வரிசையின் கடைசி அறை நல்லது. எதிரிலுள்ள நாய் கண்ணில் படாதபடி கீழ்ப்பாதி மறைக்கப்பட்டிருப்பின் இன்னும் நல்லது. தடுப்பூசிச் சான்றைக் கேட்காமலே நாயை ஏற்கும் விடுதி, பிறர் நாய்களையும் அவ்வாறே ஏற்றிருக்கும் என்பதை மறத்தலாகாது. பிரிட்டனில் இத்தகைய விடுதிகள் உரிமம் பெற வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றினர். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலம் பேணவும், வீணான துன்பம் நேராமல் தடுக்கவும் தக்க நடவடிக்கை எடுத்தல் கடமை என 3-ஆம் பிரிவில் விதிக்கிறது. விடுதியாரும் அக்கடமைக்கு உட்பட்டவரே.

இரண்டாவது, உடல்நலம். வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியாகாமல் இருத்தல் இன்றியமையாதது. கேரளத்தில் ஊராட்சிப் பகுதிகளில் நாய் வளர்ப்போர் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1998 முதல் உள்ளது. தடுப்பூசிச் சான்றின்றி அவ்வுரிமம் கிடைக்காது. இதனுடன் டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளும் வேண்டும். பல நாய்கள் கூடுமிடத்தில் எளிதில் பரவும் ‘கென்னல் காஃப்’ என்னும் இருமலுக்குத் தனியே தடுப்பு மருந்து உண்டு. ஊசி போட்டவுடன் காப்புத் திறன் வந்துவிடாது. ஆதலால் இவற்றை ஒரு மாதம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து கொடுத்து அனுப்புதல் நம் நாய்க்கும் பிற நாய்களுக்கும் செய்யும் நன்மையாகும்.

மூன்றாவது, வீட்டுப் பயிற்சி. பயணப் பெட்டியைச் சாதாரண நாட்களிலும் எடுத்துக் கூடத்தில் வைத்து, அருகிலேயே நாய்க்குச் சோறிட வேண்டும். சில நாட்களில் பெட்டியின் மேலுள்ள ஐயம் தீரும். ஒரு பாயையோ சாக்கையோ அதற்கென ஒதுக்கி, அதில் படுத்தால் விருப்பமான தின்பண்டம் தருதல் வேண்டும். பின்னர் அதே பாய் விடுதிக்கும் உடன் செல்லும். ஓர் அறையில் கதவைத் திறந்து வைத்து உணவிட்டு, பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி எனக் கதவைச் சாத்திப் பழக்க வேண்டும். நாய் அழத் தொடங்குமுன் கதவு திறக்கும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளல் வேண்டும். அழுதபின் திறந்து, திறந்தபின் திட்டுதல் இருவகையிலும் தவறு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும்.

நான்காவதே மிக முக்கியமானது. அது விடுதியிலேயே நிகழும் ஒத்திகை. முதல்நாள் நாயை அழைத்துச் சென்று, வாயிலருகே சுற்றிக் காட்டி, பணியாளர் கையால் ஒரு துண்டு உணவு கொடுக்கச் செய்து, உடனே திரும்பிவிட வேண்டும். அடுத்த முறை ஒரு மணி நேரம் விட்டு வரலாம். அதற்கடுத்து அரை நாள். பின்னர் ஓர் இரவு. இயலுமாயின் இரண்டு இரவுகள். ஒவ்வொரு முறையும் நாம் வந்து அழைத்துச் செல்கிறோம் என்பதை நாய் காண்கிறது. ‘இங்கே விடப்பட்டால் இங்கிருந்து மீட்கப்படுவோம்’ என்பதை வேறு எவ்வகையிலும் அதற்குச் சொல்ல இயலாது. இடையே ஒரு படியில் நாய் மிக வருந்தினால், அடுத்த படிக்குச் செல்லாமல் முந்தைய படிக்கே திரும்புதல் வேண்டும். இத்தனை முறை சென்று வரவும் கட்டணம் செலுத்தவும் வேண்டுமா எனச் சிலர் கருதலாம். முதல்முறை நாங்களும் அவ்வாறே கருதிச் சிக்கனம் பார்த்தோம். மூக்குப் புண்ணுக்கு மருத்துவரிடம் கொடுத்த தொகை அதனினும் மிகுதியாயிற்று.

ஐந்தாவது, வெளி மாநிலத் தமிழர்களுக்கே உரிய ஒன்று. அதுதான் மொழி. மெக்சிகோவிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகருக்கு ஆராய்ச்சிக்காகச் சென்ற லாரா குவாயா என்னும் பெண்மணி, குன்-குன் என்ற தம் நாயையும் உடன் அழைத்துச் சென்றார். அதுவரை ஸ்பானிய மொழியையே கேட்டுவந்த அந்த நாய்க்கு, எங்கும் வேறு மொழி ஒலிப்பது தெரியுமா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அவரும் உடனாய்வாளரும் 18 நாய்களுக்கு ‘குட்டி இளவரசன்’ கதையை ஸ்பானியத்திலும் ஹங்கேரியத்திலும் படித்துக் காட்டி, அவற்றின் மூளைச் செயற்பாட்டைப் பதிவு செய்தனர். பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாயின் மூளை வெவ்வேறாக இயங்குவது தெரியவந்தது. வயது முதிர்ந்த நாய்களிடம் அவ்வேறுபாடு தெளிவாக இருந்தது. 2022-இல் வெளியான இம்முடிவைப் படித்தபோது எங்களுக்கு நாணமே உண்டாயிற்று. மணி கேட்டு வளர்ந்தது அன்னையாரின் தமிழ். விடுதியில் அதனை மலையாளத்தில் தேற்றினர். ‘கம்’, ‘சிட்’ என ஆங்கிலத்தில் ஏவினர். ‘வா’ என்பதும் ‘சோறு’ என்பதும் இரு மொழிக்கும் பொதுவாயினும், ‘உட்கார்’, ‘படுத்துக்கோ’ என்பவை அங்கே எவர் வாயிலும் வரவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு கோப்புகளோடு காலம் கழிக்கும் நாங்கள், வீட்டு நாய்க்கு வேண்டிய பத்துச் சொற்களைப் பெயர்த்துக் கொடுக்கத் தவறினோம்.

ஆகவே, நாய் அறிந்த சொற்களையும் அவற்றின் பொருளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தில்லியில் இருப்போர் தேவநாகரியிலும், பெங்களூரில் இருப்போர் கன்னடத்திலும், மும்பையில் இருப்போர் மராத்தியிலும், பணியாளர் படிக்கும் எழுத்தில் எழுத வேண்டும். அவற்றைச் சொல்லும் விதத்தையும் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். உணவு வகை, நேரம், அளவு, மருந்து, எவற்றுக்கு அஞ்சும், எங்கே தொட்டால் பிடிக்காது என்பவையும் அத்தாளில் இடம்பெற வேண்டும். இருவருடைய தொலைபேசி எண்களும், அவசரமாயின் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம் என்ற இசைவும் எழுத்தில் இருத்தல் நன்று.

பட்டாசுக் காலத்தையும் கருத்தில் கொள்க. அஞ்சும் நாயின் முதல் வாசம் தீபாவளியோடு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் விஷுவுக்கும் வெடி வெடிப்பர். பாலக்காட்டுப் பகுதியில் நெம்மாற–வல்லங்கி வேலையின் வாணவேடிக்கை பெயர் பெற்றது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அப்பக்கத்து விடுதியில் நாயை விட எண்ணுவோர் திருநாள் தேதியைப் பார்த்துக்கொள்ளல் நலம்.

புறப்படும் நாளில் செய்ய வேண்டியவை சில. காலையில் நாயை நெடுந்தூரம் நடத்திக் களைப்புறச் செய்க. வாகனத்தில் வாந்தியெடுக்கும் இயல்பு இருப்பின், பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்துக. அதன் பாயுடன், வெளுக்காத பழைய வேட்டி அல்லது சேலை ஒன்றையும் கொண்டு செல்க. அதில் நம் மணம் இருக்கும். வீட்டில் உண்ணும் உணவையே கொடுத்து வருக; இடமும் உணவும் ஒருங்கே மாறினால் வயிறு கெடும். அஞ்சும் நாய் தப்பியோட முயலும் என்பதால், கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் அணிவித்து, தொலைபேசி எண் பொறித்த தகட்டை மாட்டுக. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம். அதற்கு மேல் தளர்வாக இருத்தலாகாது. விடுதி வாயிலில் கட்டித் தழுவிக் கண்ணீர் விடுதல் வேண்டா. நம் கலக்கம் அதற்கும் தெரியும். வழக்கமான குரலில் ஒரு சொல் சொல்லி, வாரைப் பணியாளர் கையில் கொடுத்து, அவர் உணவு நீட்டும் வேளையில் நடந்துவிட வேண்டும்.

மருந்தால் தூங்க வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மனிதருக்குரிய தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுத்தலாகாது. சில மயக்க மருந்துகள் உடலை ஒடுக்குமேயன்றி உள்ளத்து அச்சத்தை அகற்றமாட்டா. அசைய இயலாத நாய் உள்ளே அஞ்சிக்கொண்டே கிடக்கும். அச்சம் குறைக்கும் மருந்துகள் வேறு உண்டு. அவற்றைக் கால்நடை மருத்துவர் அறிவுரைப்படி, வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்தபின்னரே விடுதிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

நாம் பயணத்தில் இருக்கும்போது, உண்டதா, நீர் பருகியதா, மலம் கழித்ததா என்ற மூன்றையும் நாள்தோறும் கேட்டறிக. முதல் நாள் உணவில் நாட்டம் குறைவது இயல்பு. இரண்டாம் நாளும் முற்றிலும் உண்ணாவிடில், அல்லது வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், ஓயாத இருமல் இவற்றுள் ஒன்று தோன்றினால் மருத்துவரை அழைக்கச் சொல்லுதல் வேண்டும். திரும்பி அழைத்து வந்தபின் நாய் ஓரிரு நாள் மிகுதியாக உறங்கும். அதனை அதன் போக்கில் விட்டு, உணவையும் நீரையும் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

எல்லா நாய்க்கும் விடுதி ஏற்றதன்று என்பதையும் மறைப்பதற்கில்லை. ஒத்திகையின்போதே பல் உடையக் கம்பியைக் கடிக்கும் நாய், மிக முதிர்ந்த நாய், நோயுற்ற நாய் ஆகியவற்றை விடுதிக்கு அனுப்புதல் தகாது. பழகிய ஒருவரை வீட்டில் தங்கச் செய்தலோ, நாய் அறிந்த உறவினரிடம் விடுதலோ அவற்றுக்கு உகந்தது. இவையும் இயலாவிடில், பயணத்தைக் குறுக்கிக்கொள்ளவும் நாம் அணியமாக இருத்தல் வேண்டும்.

எங்கள் மணியின் கதையை முடித்துவிடுகிறோம். சில மாதங்கள் கழித்து அன்னையாரின் மற்றொரு கண்ணுக்கும் சிகிச்சை உறுதியாயிற்று. இம்முறை முன்கூட்டியே நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தோம். வேறொரு விடுதியைத் தேர்ந்து, மேற்கூறிய படிகளை ஒவ்வொன்றாக ஏறினோம். அரை நாள் ஒத்திகையில் மணி கலங்கியதால், மீண்டும் ஒரு மணி நேரத்துக்கே இறங்கி வரவேண்டியிருந்தது. அன்னையாரின் பழைய நூல் சேலை ஒன்றும், மலையாள எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்கள் பத்தும் உடன் சென்றன. உண்மையான வாசத்தின் முதல்நாள் பகலில் மணி உண்ணவில்லை. இருட்டியபின், ஆளற்ற நேரத்தில், பாதிச் சோற்றை உண்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் முழுதும் உண்டது. அன்று காலை அன்னையார் வழக்கம்போல் கேட்டபோது, எங்களால் உண்மையையே சொல்ல முடிந்தது.

எட்டாம் நாள் அழைத்துவரச் சென்றோம். மணி எங்களைக் கண்டு துள்ளியது. வாரை மாட்ட இயலவில்லை. மலையாளம் பேசும் அந்த இளம் பணியாளர், “உட்காருடா மணி” என்று தம் உச்சரிப்பில் கூறினார். மணி உடனே உட்கார்ந்து, அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எங்களை நோக்கி வாலாட்டியது.